‘வீ’ என்றால் நீங்களும் சேர்த்தியா?

அடுத்த மாதம் சென்னையிலிருந்து இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸுக்கு வேலைக்குப் போகிறீர்கள். வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்கலாம், குக்கர் கொண்டுபோகலாமா, என் இங்கிலீஷ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

வாடகையை நெட்டில் பாருங்கள். கோட்டு அங்கே போய் வாங்குங்கள்; தி.நகர் ஸ்வெட்டர் ஊட்டிக்குத்தான் லாயக்கு. குக்கர் கட்டாயம் வேண்டும், கேஸ்கட் இரண்டு கூடுதலாக. கரண்ட் அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்தான் வேறு.

இங்கிலீஷ் போதாது. உங்களுக்குப் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் தெரிந்திருக்கும். காலை வாரிவிடுவது பொடி வார்த்தைகள்: வீ, அஸ், மீ, இட்.

2004-ல் மேற்கு மாம்பலத்திலிருந்து போனவன் நான். முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து சீட்டுக்காரர் “வீ ஆர் கோயிங் டு த பப்” என்றார். கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டேன். அவர் சொன்னது ‘நாங்கள்’, என் காதில் விழுந்தது ‘நாம்’. போய்ப் பார்த்தால், யாரோ ஒருவருடைய பிரிவு உபசார விருந்து. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஆரஞ்சு ஜூஸோடு ஓரமாக ஒரு மணி நேரம் நின்றேன். கேட்கிறவரையும் சேர்த்துக்கொள்ளும் இந்த ‘நாம்’ இருக்கிறதே, தமிழ் வாத்தியார் அதை ‘உளப்பாட்டுத் தன்மைப் பன்மை’ என்று நடத்தியபோது எதற்குடா இது என்று நினைத்தவன்! இங்கிலீஷில் அந்தப் பிரிவே கிடையாது. அதனால் ‘வீ’ என்றதும் செருப்பை மாட்டாதீர்கள். “ஹேவ் எ குட் ஒன்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். கூப்பிடுகிறவராக இருந்தால் “யூ கமிங்?” என்று அவரே கேட்பார்.

மேனேஜர் வாயிலிருந்து வரும் ‘வீ’ வேறு ஜாதி. “வீ நீட் திஸ் பை மண்டே” என்றார் ஒருத்தர். அவரும் உட்காருவார் என்று காத்திருந்தேன். திங்கட்கிழமை வாங்கிக் கட்டிக்கொண்டது நான் மட்டும். நர்ஸ் “ஹவ் ஆர் வீ டுடே?” என்றாலும் காய்ச்சல் என்னவோ உங்களுக்குத்தான்.

‘அஸ்’ இதற்கு நேரெதிர். லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷயர் பக்கம் ஒற்றை ஆள் “கிவ் அஸ் எ மினிட்” என்பார்; கூட யார் என்று நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். கோட்டை மாட்டியபடி “தட்ஸ் மீ” என்றால் வேலை முடிந்தது, கிளம்புகிறேன் என்று அர்த்தம். “ஐ வில் லீவ் யூ டு இட்” என்பதில் அந்த ‘இட்’ எது என்று தேடாதீர்கள். பேச்சு முடிந்தது, அவ்வளவுதான். மழை பெய்யவே ஒரு ‘இட்’ தேவைப்படுகிற பாஷை அது.

நம்ம ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். ஒற்றை ஆளை ‘தே’ என்பது தப்பு என்று இங்கிலீஷ்காரனுக்கே கிராமர் எடுப்பார்கள். வீட்டில் மாமியாரை “அவங்க வந்துட்டாங்க” என்று சொல்வதும் அதே வாய்தான். ஆறே மாதத்தில் ‘இல்லையா’ என்பதற்கு ‘இன்னிட்’ என்று இழுத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் இருபது வருஷம் கழித்துத்தான் “கிவ் அஸ் எ பெல்” என்று சொல்ல ஆரம்பித்தேன், ஃபோன் பண்ணு என்பதற்கு. அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை.

லீவுக்கு வந்து, மாம்பலம் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பையன் அங்கே பிறந்தவன், பத்து வயசு. நேற்றுக் காலையில் என் அம்மாவிடம், “பாட்டி, நாங்க சாயங்காலம் பீச்சுக்குப் போறோம்” என்றான். அம்மா “சரிடா கண்ணா, போயிட்டு வாங்க” என்றாள். பெசன்ட் நகர் போக ஆட்டோ வந்து நின்றது. அம்மா நைட்டியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“பாட்டி, நீங்க இன்னும் கிளம்பலையா?”

“நீதானேடா ‘நாங்க’ன்னு சொன்னே?”

ஆட்டோக்காரரிடம், “கொஞ்சம் வெயிட் பண்ணுங்கண்ணா, அம்மா புடவை மாத்திட்டு வந்துடுவாங்க” என்றேன்.