இனிப்பு குறையவில்லை, நெய்தான் இல்லை

கேள்வி: டோக்கியோவில் அசாகுசா பகுதிக்குப் போயிருந்தோம். சென்சோஜி கோயிலுக்கு முன்னால் இருக்கும் நாகமிசே கடைத்தெருவில் பத்து வகை இனிப்பு வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே சிவப்புப் பயறு மசியல், சப்பென்று இருந்தது. நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது என்று வேறு தடுத்தார்கள். இதற்கு ஏன் இவ்வளவு புகழ்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சப்பென்று இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மசியலில் காய்ந்த பயறின் எடைக்கு ஏறத்தாழ சமமாகச் சர்க்கரை போடுவது வழக்கம். உங்கள் நாக்கு தேடியது இனிப்பை அல்ல. நெய்யையும் ஏலக்காயையும் தேங்காயையும். அவை இல்லாத பண்டத்தை இனிப்பு என்று ஏற்க நமக்கு மனம் வருவதில்லை. அது நம் பழக்கம். அதற்காக அவர்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

அசுகி என்ற அந்தச் சிவப்புப் பயறு உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் நெருங்கிய சொந்தம். முதல் கொதியில் துவர்ப்பு இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். மறுபடி குழைய வேகவைத்து, சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கி, தண்ணீரில் அலசித் தெளியவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, அப்புறம்தான் சர்க்கரை சேர்த்துக் கிளறுவார்கள். இத்தனை பாடும் பயறின் வாசனை துல்லியமாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். அதில் ஏலக்காயைத் தட்டிப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். தோலை நீக்காமல் கிளறும் வகையும் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும், பல்லில் படக் கொஞ்சம் இருக்கிறது.

கூடவே பச்சைத் தேநீர் குடித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜப்பானிய இனிப்புகள் பல தேநீரோடு சேர்ந்து வளர்ந்தவை. வாயில் இனிப்பு கரையும்போது ஒரு மிடறு கசப்புத் தேநீர் உள்ளே போக வேண்டும். பத்தையும் வரிசையாகத் தின்றால் நாக்கு மரத்துத்தான் போகும்.

எல்லாவற்றிலும் அதே மசியல் என்பதும் சரியில்லை. அந்தத் தெருவுக்கே பேர் வாங்கித் தந்த காமினாரி ஒகோஷியில் பயறே கிடையாது; பாகில் பிடித்த அரிசிப் பொரி, நம் பொரி உருண்டையைத் துண்டு போட்டது மாதிரி இருக்கும். குச்சியில் செருகிய கிபி டாங்கோ உருண்டைகள் மேல் வறுத்த சோயா மாவைத் தூவித் தருகிறார்கள். இமோ யோகான் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்வது.

நிங்யோ யாக்கியை மட்டும் நின்று பார்த்து வாங்க வேண்டும். இரும்பு அச்சில் மாவை ஊற்றி, நடுவில் பயறு உருண்டையை வைத்து, மூடி, நெருப்பின் மேல் திருப்பிப் போடுகிறார்கள். திறந்தால் புறா, காகித விளக்கு, ஐந்தடுக்குக் கோபுரம். சூட்டோடு கடித்தால் மேல்தோல் லேசாக மொறுமொறுக்கும். பையில் கட்டி அறைக்குக் கொண்டுபோனால் ஆவியில் பிசுபிசுத்துவிடும், அப்போது எந்த இனிப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தடுத்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தெரு சுமார் 250 மீட்டர் நீளம், இரு பக்கமும் 90 கடை வரை இருக்கும், நடுவில் கூட்டம் நெரிகிறது. பாகு ஒட்டிய குச்சியோடு நடந்தால் அடுத்தவர் உடுப்பில்தான் படும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் அங்கே கடை போடும் உரிமை கிடைத்தது, கோயில் வளாகத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்து வந்த அக்கம்பக்கத்து மக்களுக்கு. 1923 நிலநடுக்கத்தில் செங்கல் கடைகள் அழிந்தபோதும் 1925-க்குள் அவை திரும்ப எழுந்துவிட்டன. துடைப்பம் பிடித்த கைகளால் உண்டான கடைத்தெரு அது. வாங்கிய கடை முன்னாலேயே நின்று சாப்பிட்டுக் குச்சியை அங்கேயே கொடுத்துவிட்டுப் போகச் சொல்வது அவர்கள் உரிமை. சாமி கும்பிடப் போகும் வழி என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்த முறை போனால் இரண்டே வகை வாங்குங்கள். வீட்டில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால், நிங்யோ யாக்கி மாவில் முட்டை உண்டு என்று சொல்லிவிடுங்கள். பயறு மசியலில் செய்யும் யோகானைக் கட்டியாக்குவது கடற்பாசிதான், அதில் ஜெலட்டின் பயம் வேண்டாம்.