காணியை ஈடு வைக்காதீர்கள், அம்மா

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் ஏ.எல். கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியலுக்குக் காணாது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் செயற்கை நுண்ணறிவுப் பட்டம் படிக்கட்டும் என்று ரொறன்ரோவில் இருக்கும் மாமா நிற்கிறார். பாதிக் காசு அவர் அனுப்புவாராம், மீதிக்கு வீட்டுக் காணியை ஈடு வைக்கலாமாம். மகனோ இரண்டு பழைய கம்பியூட்டர்களை வைத்துக்கொண்டு விடிய விடிய லினக்ஸ், சேர்வர் என்று இருக்கிறான். இவன் உருப்படுவானா என்று கேட்கிறார்.

பயப்பட வேண்டாம் என்று இரண்டு வரி எழுதி முடித்திருக்கலாம். ஈடு என்று கண்ட பிறகு அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. காணியைத் தொடாதீர்கள். வகுப்புக் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. அறை வாடகை, சாப்பாடு, ஒரு பாடம் தவறினால் திரும்பச் சோதனை எழுதும் கட்டணம் எல்லாம் பின்னால் வரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டமென்றால் ஒரு பகுதியை அந்த நாட்டு நாணயத்தில் கட்டச் சொல்லக்கூடும். 2022 இல் சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ஐத் தாண்டியது. அந்த நேரம் பிள்ளை இரண்டாம் வருடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வட்டி முதல் மாதமே தொடங்கிவிடும், சம்பளம் நாலு வருடத்துக்குப் பிறகுதான்.

அதைவிட, அந்தப் பட்டம் படிக்க வேண்டும் என்று உங்கள் மகன் ஒருநாளாவது சொன்னானா? கடிதத்தில் அது இல்லை. மாமா சொன்னது இருக்கிறது, பெரியம்மா சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெடியன் எங்கே படிக்கிறான் என்பதும் இருக்கிறது.

கம்பஸ், மீண்டும் ஒருமுறை ஏ.எல்., ஸ்ரூடன்ட் விசா, இவற்றைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். உங்கள் மகன் தானாகவே தொட்டிருக்கும் விசயத்தைத்தான் வீட்டில் யாரும் வடிவாகப் பார்க்கவில்லை.

ஒரு பெரிய அலுவலகத்தில் காலையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போகிறார்களே, அதைச் சரிபார்த்துச் சொல்வது ஓர் அடையாளச் சேர்வர், அதாவது மற்றக் கம்பியூட்டர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லும் ஒரு கம்பியூட்டர். அது விழுந்தால் ஒருவரும் உள்ளே போக முடியாது. அதனால் அதன் தரவுத்தளத்துக்குப் பிரதி எடுத்து இன்னொரு சேர்வரிலும் வைப்பார்கள். இந்த அடையாளச் சோதனைக்குக் கேர்பரோஸ் என்ற முறை பெயர்போனது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவானது. விண்டோஸ் 2000 இல் இருந்து மைக்ரோசொப்ற் நிறுவன வலையமைப்புகளிலும் இதுதான் அடிப்படை. மாமா ரொறன்ரோவில் பெரிய அலுவலகம் ஒன்றில் வேலை என்றால், அநேகமாக அவரும் தினமும் இதற்குள்ளால்தான் போகிறார்.

எம்.ஐ.ரி. கேர்பரோஸில் மாற்றங்கள் எல்லாம் முதன்மைச் சேர்வரில் மட்டும் நடக்கும். பிரதி வாசிப்பதற்கு மட்டும். பழைய வழியில், முழுத் தரவுத்தளத்தையும் ஒரு கோப்பாக இறக்கி, 'கேபுரொப்' (kprop) என்ற கட்டளையால் குறித்த நேரத்துக்கு ஒருதரம் பிரதிக்கு அனுப்புவார்கள். புதிய வழியில் முதன்மை ஒவ்வொரு மாற்றத்துக்கும் இலக்கமிட்டுக் குறித்து வைக்கும். பிரதி, நீங்கள் மாற்றாவிட்டால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, நான் இந்த இலக்கம் வரை வாங்கிவிட்டேன், மிச்சம் என்ன என்று கேட்கும்.

ஆபத்து எங்கே என்றால், அனுப்பும் வேலை நின்றுபோனாலும் பிரதி பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், பழைய தகவலை வைத்து. வேலையை விட்டு நீக்கிய ஒருவருடைய கணக்கு முதன்மையில் பூட்டியிருக்கும், பிரதியில் திறந்திருக்கும். எல்லாம் ஓடுவதுபோலவே தெரிவதால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். இதைக் கவனிக்கிற ஆளுக்குத்தான், அதாவது சிஸ்டம் அட்மினுக்குத்தான், சம்பளம்.

தம்பிக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இருக்கிற இரண்டு மெசினும் போதும். ஒன்றை முதன்மையாக்கு, மற்றதைப் பிரதியாக்கு. தரவுத்தளம் முழுதாக வந்து சேர்ந்தும் பிரதிச் சேர்வர் எழும்பாமல் உன்னை ஒரு இரவு முழிக்க வைக்கலாம். தரவுத்தளத்தைத் திறக்கும் முதன்மைச் சாவிக் கோப்பு அந்தத் தரவோடு வராது, அதைத் தனியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பிறகு வயரைக் கழற்று. கடவுச்சொற்களை மாற்று, வயரைப் பூட்டு, பிரதி எவ்வளவு நேரத்தில் எட்டிப் பிடிக்கிறது என்று பார். அப்புறம் திரும்ப வயரைக் கழற்றி, தானாக ஓடும் ஒரு சின்ன நிரல் (ஸ்கிரிப்ட்) எழுதி ஆயிரத்துக்கு மேல் மாற்றங்களைச் செய்துவிட்டு வயரைப் பூட்டு. மாற்றக் குறிப்பேடு வழமையாக 1000 பதிவுகள்தான் வைத்திருக்கும், அதைத் தாண்டினால் முழுத் தரவுத்தளமும் திரும்பப் போக வேண்டும். அதைக் கண்ணால் கண்டு எழுதி வை.

கறண்ட் போய் வந்த பிறகும் ஒருக்கால் பார். பழைய மெசினில் பற்றரி செத்திருந்தால் மணிக்கூடு பின்னுக்குப் போய்விடும். இரண்டு மெசினின் நேரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேர்பரோஸ் மறுத்துவிடும். பிரதிக்கு அனுப்புகிற வேலையும் அதே அடையாளச் சோதனைக்குள்ளால் போவதால் அதுவும் நின்றுவிடும். கடைசியாக முதன்மையை நிறுத்திவிட்டு, பிரதியையே முதன்மையாக்கிப் பார். இவ்வளவையும் செய்து, எது எங்கே பிழைத்தது என்று ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதி வைத்திருக்கும் பிள்ளையை நேர்முகத்தில் லேசில் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

படிப்பும் வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலேயே உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. அரச நிறுவனம், வீட்டுச் சோறு. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை வீட்டில் இருந்தும் படிக்கலாம். தனியார் பட்டத்தோடு பார்க்க அதன் செலவு மிகச் சிறியது. பாடமும் சோதனையும் ஆங்கிலத்தில், அதற்கு இப்போதே தயாராக வேண்டும். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் சான்றிதழ்ச் சோதனை நல்லது. மெசினுக்கு முன் இருத்தி வேலையைச் செய்துகாட்டச் சொல்வார்கள். ஆனால் கட்டணம் கூட, கை பழகும்வரை அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

ஒன்றை மறைக்கமாட்டேன். இந்த வேலை யாழ்ப்பாணத்துக்குள் குறைவு. முதலில் கொழும்புக்குப் போக நேரலாம். நடுச்சாமத்தில் ஃபோன் வரும். கலியாணப் பேச்சில் சொல்லப் பெரிய பெயரும் இல்லை, 'சிஸ்டம் அட்மின்' என்றால் பெரியம்மா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், வட்டி கட்டப்போவது அவர் இல்லையே.

மாமா அனுப்புவதாகச் சொன்ன காசில் கறண்ட் போனாலும் மெசினைக் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் ஒரு யூ.பி.எஸ். வாங்கச் சொல்லுங்கள், நல்ல இணைய இணைப்பும் எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம் என்றால் என்னோடு கதைக்கச் சொல்லுங்கள், அவருடைய நேரத்துக்கே எடுக்கிறேன்.