வாசகர் கேள்வி – பதில்: திருமணத்துக்கு எந்தக் கோயில்?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் குடியிருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். மகளுக்கு ஈரோட்டில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறார், அவர்களும் கத்தோலிக்கர்களே. எங்கள் பங்குக் கோயில் (எங்கள் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கான ஆலயம்) அண்மையில் கட்டப்பட்டது என்பதால், வரலாறு உள்ள ஆலயத்தில் தாலி ஏற வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள். கோவை மிக்கேல் அதிதூதர் பேராலயம், கருமத்தம்பட்டி மாதா கோயில், ஈரோடு பிரப் ஆலயம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புரட்டாசியில் மண்டபம் எளிதாகக் கிடைக்கும் என்பதால் அக்டோபர் முதல் வாரத்தை எண்ணியிருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது? சொந்தப் பங்கை விட்டு வெளியே நடத்த அனுமதி உண்டா?
– ஒரு தாயார், திருப்பூர்

பதில்: மூன்றில் ஒன்றை முதலிலேயே நீக்கிவிடலாம், அம்மா. ஈரோடு பிரப் ஆலயம் பார்ப்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தென்னிந்தியத் திருச்சபைக்கு, அதாவது சி.எஸ்.ஐ.க்கு உரியது. மணமக்கள் இருவருமே கத்தோலிக்கராக இருக்கும்போது, அவர்களுடைய திருமணம் கத்தோலிக்க ஆலயத்தில், உரிய அதிகாரம் பெற்ற குருவின் முன்பும் இரண்டு சாட்சிகளின் முன்பும் நடைபெறுவதே முறை.

அனுமதியைப் பொறுத்தவரை நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. மணமகள் அல்லது மணமகனின் பங்கில் திருமணம் நடத்துவதே திருச்சபைச் சட்டத்தின் பொது விதி. எனினும் பங்குத்தந்தையோ ஆயரோ (பிஷப்) அனுமதித்தால் வேறு ஆலயத்திலும் நடத்தலாம். நடைமுறையில், உங்கள் பங்குத்தந்தையிடம் முதலில் பேசி, அவருடைய கடிதத்துடன் அந்த ஆலயத்தின் பங்குத்தந்தையைப் பார்ப்பதுதான் ஒழுங்கு. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, அந்த நாளுக்குக் கோயில் கிடைக்குமா என்று கேட்டு நிற்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். வெளியில் நடந்தாலும் ஓலை வாசிப்பது (நடக்கவிருக்கும் திருமணத்தைக் கோயிலில் அறிவிப்பது), புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணத் தயாரிப்பு வகுப்பு ஆகியவை இரு வீட்டாரின் சொந்தப் பங்குகள் வழியாகவே நடக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கருமத்தம்பட்டி கொங்கு நாட்டுக் கத்தோலிக்கத்தின் தாய்வீடு. 17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் ஊன்றிய பங்கு அது. செபமாலை அன்னைக்கு உரிய அந்த ஆலயம் 2019இல் பசிலிக்காவாக, அதாவது திருத்தந்தையின் சிறப்புத் தகுதி பெற்ற பேராலயமாக, உயர்த்தப்பட்டது. பின்னாளில் கோவையின் முதல் அப்போஸ்தலிக்க விகாரியான (மறைமாவட்டம் அமையாத பகுதியைத் திருத்தந்தையின் பெயரால் ஆளும் ஆயர்) மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் 1846இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டதும் கருமத்தம்பட்டியில்தான். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எதுவரை ஏற்கலாம் என்ற சர்ச்சையில் மனச்சான்று ஒப்பாமல் 1855இல் பொறுப்பைத் துறந்த அவர், அடுத்த ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவி, 1859இல் சியரா லியோனில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். திருமண அழைப்பிதழில் சாதிப் பட்டம் போடலாமா என்று இன்றும் வாதிடுகிறவர்கள் அவரைப் பற்றி ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கருமத்தம்பட்டியில் தொன்மை என்பது பங்குக்கு உரியது, இன்று நிற்கும் கட்டடத்துக்கு அல்ல என்பதை மட்டும் மகளிடம் சொல்லிவிடுங்கள். பழைய சுவர்களை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்.

கோவை பெரிய கடைவீதியில் உள்ள மிக்கேல் அதிதூதர் பேராலயம் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1886 முதல் மறைமாவட்டமாக (ஓர் ஆயரின் ஆட்சிப் பகுதியாக) இருக்கும் கோவைக்கு அதுவே ஆயரின் ஆலயம். அதன் பெருமையில் குறையில்லை. ஆனால் அந்தக் கடைவீதியில் உறவினர்களின் கார்களையும் பேருந்தையும் எங்கே நிறுத்துவது என்பதை ஒரு நாள் காலையில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஆண்டுக்கணக்கை ஒதுக்கிவிட்டு, பாட்டி, தாத்தாக்களின் ஞானஸ்நானமும் திருமணமும் எந்தப் பங்கின் பதிவேட்டில் உள்ளன என்று முதலில் விசாரியுங்கள் என்பேன். பனியன் தொழிலுக்காகச் சுற்றுவட்டாரத்திலிருந்து திருப்பூருக்கு வந்த குடும்பம் உங்களுடையது என்றால், விடை கருமத்தம்பட்டியாகவோ அதிலிருந்து பிரிந்த ஏதோ ஒரு சிற்றூர்ப் பங்காகவோ இருக்கக்கூடும். திருமணம் எங்கே நடக்கிறதோ அந்த ஆலயத்தின் திருமணப் பதிவேட்டில்தான் மணமக்கள் கையெழுத்திடுவார்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குகளுக்கும் செய்தி அனுப்பப்பட்டு, அங்குள்ள பதிவேட்டில் அவரவர் பெயருக்கு நேரே ஓரத்தில் இந்தத் திருமணம் குறிக்கப்படும். பாட்டி கையெழுத்திட்ட அதே பங்கின் பதிவேட்டில் பேத்தியும் கையெழுத்திடுவதற்கு ஈடாக எந்தப் புகழ்பெற்ற கோபுரத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை. பிற்காலத்தில் கடவுச்சீட்டுக்கோ விசாவுக்கோ ஆலயத் திருமணச் சான்று தேவைப்பட்டால் அந்த ஆலயத்துக்கே போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தேதியை மட்டும் மாற்றிவிடுங்கள். புரட்டாசியில் மண்டபம் காலியாக இருப்பது உண்மைதான். ஆனால் அக்டோபர் தொடக்கம் கருமத்தம்பட்டியில் செபமாலை அன்னையின் தேர்த்திருவிழாக் காலம். அடுத்து நவம்பரைப் பாருங்கள். நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் தொடக்கத்தில் கிறிஸ்துமசுக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலம் தொடங்கிவிடும் என்பதால் அதற்குள் முடிப்பது நல்லது.

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண், மணமகன் இந்து. பழமையான ஆலயத்தில் திருமணம் நடத்த முடியுமா? மறுநாள் மண்டபத்தில் அவர்கள் முறைப்படி மீண்டும் தாலி கட்ட வேண்டும் என்று மணமகன் வீட்டார் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆயரிடமிருந்து விதிவிலக்கு பெற்றால் ஆலயத்தில் நடத்தலாம். பங்குத்தந்தை வழியாகவே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் விசுவாசத்தை விடமாட்டீர்கள் என்றும், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்க உங்களால் இயன்றதைச் செய்வீர்கள் என்றும் நீங்கள் வாக்களிக்க வேண்டும், அதை மணமகனும் அறிந்திருக்க வேண்டும். இத்தகைய திருமணம் பெரும்பாலும் திருப்பலி (பூசை) இல்லாமல், இறைவார்த்தை வழிபாட்டுடன் நடைபெறும். திருமணச் சம்மதத்தை இன்னொரு சமயச் சடங்கில் மீண்டும் தெரிவிப்பதைத் திருச்சபைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே இரண்டாவது தாலி கட்டுவதைப் பற்றி அழைப்பிதழ் அச்சிடுவதற்கு முன்பே பங்குத்தந்தையுடன் இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். சீர்வரிசை, விருந்து, பெரியவர்களின் ஆசி ஆகியவற்றுக்கு மண்டபத்தில் தடையேதும் இராது. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்தச் சமயத் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு ஆலயத்திலிருந்து தரும் திருமணச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள்.