மொட்டைமாடியில் ஐந்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் மாதம் ஒரு மாலை, அவரவர் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் கூட்டம் ஆரம்பித்தோம். இரண்டே மாதத்தில் சலித்துவிட்டது. ஒருவர் பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறார், இன்னொருவர் அறிவுரை சொல்கிறார். ஏழு மணிக் கூட்டத்துக்குப் பெண்கள் எட்டிப் பார்ப்பதோடு சரி. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

மைக் வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மைக்கைக் கண்டதும் நம்மவர்களுக்கு 'அவையோர் அனைவருக்கும்' தானாக வந்துவிடும்.

நியூயார்க்கில் 'தி மாத்' என்று ஒரு கதை சொல்லும் அமைப்பு இருக்கிறது. ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற நாவலாசிரியர் 1997-இல் தன் வீட்டுக் கூடத்தில் தொடங்கியது. ஜார்ஜியாவில் நண்பர்களோடு வீட்டு முகப்பில் உட்கார்ந்து கதை பேசிய இரவுகளில் விளக்கை மொய்த்த விட்டில்களின் நினைவாக வைத்த பெயர்; ஆங்கிலத்தில் 'மாத்' என்றால் விட்டில். அவர்களுடைய போட்டி மாலைகளில் சீட்டுக் குலுக்கித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். காகிதம் பார்த்துப் படிக்கக் கூடாது. தனக்கே நடந்ததாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு தலைப்பும் உண்டு. மார்க்கும் போடுவார்கள், மாமியாரும் மருமகளும் ஒரே ஜமக்காளத்தில் உட்காரும் இடத்தில் அந்த வம்பு வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது தலைப்புதான். 'வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்றால் யாராக இருந்தாலும் பிறந்த ஊரிலிருந்துதான் தொடங்குவார்கள். எங்கள் தெருக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் பத்து நிமிடமாகியும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. "அண்ணே, கடைசி நாள் டியூட்டி எப்படி இருந்தது?" என்று யாரோ குறுக்கே கேட்டார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், பையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறியதையும், டிக்கெட் எடுக்கப் பத்து ரூபாய்த் தாளை நீட்டியதையும் சொன்னார். அந்தத் தாளைத் தன்னையறியாமல் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருந்தாராம். சொல்லும்போதும் விரல்கள் அப்படியே மடங்கின. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

எனவே 'கடைசி நாள்', 'தொலைந்த பொருள்' என்று சின்னதாகக் கேளுங்கள். அறிவுரைக்காரரை ஐந்தாவது நிமிடத்தில் மணியடித்து உட்கார வைக்கலாம். கோபித்துக்கொண்டாலும் அடுத்த மாதம் வந்துவிடுவார்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏழு மணி தோசை ஊற்றும் நேரம் இல்லையா? நாலரைக்கு மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால், கூட்டம் நடக்கும் அன்று தோசையை ஆண்கள் ஊற்றட்டும்.