எல்.எம்.வி. லைசென்ஸில் பதினோரு டன் லாரி: இழப்பீடு யார் தலையில்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் லோடு அடிக்கிறேன். அக்கா மகன் ஓட்டிப்போன என் லாரி (ஏர் பிரேக், மொத்த எடை 11 டன்) சித்தூர் ரோட்டில் பைக்கில் மோதி, ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. பையனிடம் இருப்பது எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸ். பைக்காரர் ராங் சைடில் வந்தார். நான் ஒரு வருஷம்கூட பிரீமியம் தவறியதில்லை. இப்போது பாலக்காடு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கிறது. எல்.எம்.வி. போதும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே? ஏர் பிரேக் வண்டிக்குத் தனி லைசென்ஸ் உண்டா?

பதில்: ஏர் பிரேக்கை விடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதற்குத் தனித் தேர்வு உண்டு, நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. இங்கே பார்ப்பது ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையை. 7,500 கிலோ வரை இலகுரக வண்டி, அதற்கு மேல் 12,000 வரை நடுத்தர சரக்கு வண்டி. எல்.எம்.வி. போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது 7,500 கிலோவுக்குள் வரும் லாரிகளுக்கு மட்டும். உங்களுடையது 11 டன். அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது. பைக்காரர் மீதும் தப்பு என்று நிரூபித்தால் தொகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

போலி லைசென்ஸைப் பார்த்து ஏமாந்த உரிமையாளருக்குத் தப்ப வழி உண்டு. நீங்கள் கொடுத்தது வீட்டுப் பையனிடம். அவனிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்று தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

இனி கவனமாகப் படியுங்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் தீர்ப்பாயம் பெரும்பாலும், 'கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்' என்று உத்தரவிடும். கட்சிக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். அடிபட்டவருக்குப் பணம் போய்விட்டது, கேஸ் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்து வரும் நோட்டீஸை வாங்குவதில்லை, வக்கீலையும் பார்ப்பதில்லை. கம்பெனி தனியாக வழக்குப் போட வேண்டியதே இல்லை, அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போதும். லாரியையே ஜாமீனாக ஜப்தி செய்யலாம். கலெக்டருக்குச் சான்று போனால் நில வரி பாக்கி போல வருவாய்த் துறை வந்து நிற்கும். அப்போது வீடும் தோப்பும் கணக்கில் வரும்.

இன்னொன்று. 'ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிற வேறு டிரைவர் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம்' என்று யாராவது வந்து யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எஃப்.ஐ.ஆரில் பையன் பெயர் இருக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும், சாட்சிகள் அவனைப் பார்த்திருப்பார்கள். பொய் என்று தெரிந்தால் இழப்பீடு போகப் பொய்ச் சாட்சிக் கேஸும் சேரும், உங்கள் வார்த்தையை அப்புறம் எந்த நீதிபதியும் எடுக்கமாட்டார். உரிய லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்ததற்கு 180-ஆவது பிரிவில் உங்கள் மேலேயே தனிக் குற்றம் உண்டு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதன்மேல் பொய்யைப் போடாதீர்கள்.

சமரசத்துக்குப் போங்கள். லோக் அதாலத்தில் பேசுங்கள், தனியாக ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். அடிபட்டவர், கம்பெனி, நீங்கள் மூவரும் கையெழுத்திட வேண்டும். அந்தச் சமரசப் பத்திரத்தில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: 'உரிமையாளரிடம் வசூலிக்கும் உரிமைக்கு உட்பட்டு'. அது இருந்தால் சமரசமே ஆகவில்லை, கம்பெனி பிறகு உங்களைத் தேடி வரும். உங்கள் பங்கு இவ்வளவு, இத்தனை தவணை, அதோடு முடிந்தது என்று தொகையை எழுத வைத்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

அதுவரை அக்கா மகனை அந்த லாரியில் ஏற்ற வேண்டாம்.