கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

வணக்கம்.

பொது மருத்துவமனை ஒன்றின் மெடிக்கல் வார்டில் சீனியர் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா, பிறகு பகுதிநேரமாகப் பட்டம். புதியவர்களுக்கு நான்தான் பிரிசெப்டர் (வார்டில் கூடவே இருந்து பழக்குபவர்). தாதியருக்குக் கற்பிக்கும் நர்ஸ் எஜுகேட்டர் பாதைக்கு மாறச் சொல்கிறார் மேலாளர். முதலில் முதுகலை படிக்க வேண்டுமா? நோயாளிகளை விட்டு விலகிவிடுவேனோ? இன்னொன்று: என்னுடன் இருக்கும்போது நன்றாகச் செய்பவர்கள், நான் இல்லாத ஷிப்டில் தடுமாறுகிறார்கள். ஏன்?

ம., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதில் பாதி இருக்கிறது.

ஐவி பம்ப் (ரத்தக் குழாய் வழி மருந்து செலுத்தும் கருவி) அடைப்பு அலாரம் அடித்ததும் அனுபவமுள்ள தாதியின் கை தானாகப் போய்ச் சரிசெய்துவிடும். பக்கத்தில் நிற்கும் புதியவர் பார்ப்பது அலாரம் நின்றதை மட்டுமே. நீங்கள் இல்லாத இரவில் அவர் ஒலியை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டை அழுத்துவார். கேனுலா (ரத்தக் குழாயில் செருகிய சிறு குழாய்) நழுவியிருந்தால், மருந்து தோலுக்கடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்கேயிருந்து பார்ப்பாய்?" என்று மட்டும் கேளுங்கள். கேனுலா இருக்கும் இடம் வீங்கியிருக்கிறதா, முழங்கை மடங்கியிருக்கிறதா, குழாய் முறுக்கியிருக்கிறதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று நோயாளியிலிருந்து பம்ப் வரைக்கும் வரிசையாக வர வேண்டும். ஓடுவது பொட்டாசியம் போன்ற ஆபத்தான மருந்து என்றால் காத்திருக்காதீர்கள். உடனே கை வையுங்கள், பாடத்தைப் பிறகு நடத்திக்கொள்ளலாம்.

செய்முறை கற்பிக்க அறுவை மருத்துவர் பேட்டனின் நான்கு படிகள் போதும். முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவது; இரண்டாவது, விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வது; மூன்றாவது, கற்பவர் ஒவ்வொரு படியாகச் சொல்ல நீங்கள் செய்வது; நான்காவது, அவரே சொல்லிச் செய்வது. வார்டு அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போவது மூன்றாவதை. அவர் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிவதோ அங்கேதான். மூக்கு வழி உணவுக் குழாய் பாடத்தில், குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று அறிய, "உறிஞ்சி எடுத்து பிஎச் தாளில் (அமிலத்தன்மை காட்டும் தாள்) பார்ப்பேன்" என்பதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். "நோயாளி வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் எடுக்கிறாரே, பிஎச் கூடி வந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபீடிங் தொடங்கக் கூடாது, மருத்துவரிடம் சொல்லி எக்ஸ்ரே கேட்க வேண்டும் என்பது வாயில் வருகிறதா என்று பார்த்த பிறகே நான்காவது படி.

"புரிந்ததா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். மியன்மாரிலிருந்து வந்தவரோ இங்கே ஈசூனில் வளர்ந்தவரோ, "யெஸ் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். அதற்கு ஒரு பொருளும் இல்லை.

தலைமைக்கு ஆள் தயாரிப்பதும் இதே முறைதான், படிகள் மட்டும் பெரியவை. புதிய இன்சார்ஜிடம் (ஷிப்டைப் பொறுப்பேற்று நடத்தும் தாதி) ஷிப்டை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தால் அவர் படுக்கை எண்ணை வைத்து நோயாளிகளைப் பிரிப்பார்: ஒன்று முதல் ஆறு உனக்கு, ஏழு முதல் பன்னிரண்டு எனக்கு. ஆக்சிஜன் தேவைப்படும் மூன்று பேர் ஒருவர் தலையில் விழுவார்கள். ஆகவே முதலில் நீங்கள் பிரித்து, காரணத்தை அவர் சொல்லட்டும். பிறகு அவர் பிரிக்கட்டும், நீங்கள் காரணம் கேளுங்கள். அடுத்து எஸ்பார் முறையில் (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசை) மருத்துவருக்கு அழைப்பு. அதில் பலரும் நிலைமையை நீட்டி முழக்கிவிட்டு, கடைசியில் சொல்ல வேண்டிய 'என்ன வேண்டும்' என்பதை விழுங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் முழு ஷிப்ட், நீங்கள் அதே வார்டில் சாதாரணத் தாதியாக இருக்கும்போது. முதல் சோதனை, தன்னைவிட இருபது வயது மூத்த, ஆனால் பதவியில் கீழே இருக்கும் என்ரோல்டு நர்ஸிடம் வேலை சொல்வது. அதை முன்கூட்டியே பேசிப் பழக்காமல் அனுப்பினால், புதிய இன்சார்ஜ் எல்லா வேலையையும் தானே இழுத்துப்போட்டுச் செய்வார்.

முதுகலையை முதலில் வைக்காதீர்கள். தாதிமை அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் தாதியின் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். வல்லுநர் விதிகளை எண்ணிப் பார்த்துச் செயல்படுவதில்லை. அதனால்தான் படிகளைச் சொல்லக் கேட்டால் அவரே திணறுவார். நீங்களும் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் கைப்பழக்கத்தைப் படிகளாக உடைத்துச் சொல்ல வருகிறதா என்று ஒரு வருடம் பழகிப் பாருங்கள். மதிப்பீடு, பாடத்திட்டம் பற்றிய கேள்விகள் அதற்குள் தாமாகவே எழும். அவற்றோடு போனால்தான் முதுகலை பயன்படும்.

நோயாளிகளை விட்டு விலகுவது வேலை அமைப்பைப் பொறுத்தது. கல்லூரி விரிவுரையாளர் வேலை வேறு. மருத்துவமனை எஜுகேட்டர் படுக்கையருகே நின்று கற்பிப்பவர். உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் வேறு திசையில்: ஆள் குறைந்த நாட்களில் எஜுகேட்டரையும் ஷிப்ட் எண்ணிக்கையில் சேர்த்துவிடுவார்கள். கற்பித்தல் தள்ளிப்போகும். திறன் படிவங்களில் கடைசி நாளன்று மொத்தமாகக் கையெழுத்து விழும். வாரத்தில் எத்தனை நாள் எண்ணிக்கைக்கு வெளியே இருப்பீர்கள் என்று மேலாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு சம்மதம் சொல்லுங்கள்.