பனிக்காலத்தை வெளியே கழிப்போரின் நாட்கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

ஒக்டோபர் பிறந்ததும், பனிக்காலத்தை வெப்பநாடுகளில் கழிப்பது பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. இம்முறை தெரிந்தெடுத்த நான்கும் ஒன்ராறியோவிலிருந்து வந்தவை. நால்வருமே, ‘ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டால் ஒரு சிக்கலும் இல்லையாம்’ என்று யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஓய்வூதிய அலுவலகம், மாகாணச் சுகாதார அமைச்சு, அமெரிக்க வரித் திணைக்களம், காப்புறுதி நிறுவனம் ஆகியவை தத்தம் தேவைக்கேற்ப வெவ்வேறு விதமாகக் காலத்தை எண்ணுகின்றன. ஆகையால் அந்த ஒற்றை வாக்கியத்தை நம்பி விமானச்சீட்டு வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி (ஸ்காபரோ): எனக்கு வயது 69, மனைவிக்கு 67. கனடாவுக்கு வந்து 17 ஆண்டுகளாகின்றன. இருவரும் முதியோர் ஓய்வூதியமும், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான ஜி.ஐ.எஸ். கொடுப்பனவும் பெறுகிறோம். நவம்பர் 5ஆம் திகதி யாழ்ப்பாணம் போய் மே மாத இறுதியில் திரும்ப எண்ணியுள்ளோம். பணம் நின்றுவிடுமா? பிற்காலத்தில் அங்கேயே தங்கிவிட்டால் என்னவாகும்?

பதில்: நீங்கள் குறிப்பிட்டுள்ள திகதிகளுக்குள் திரும்பினால் பணம் நிற்காது. ஓ.ஏ.எஸ். எனப்படும் முதியோர் ஓய்வூதியச் சட்டம் மாதங்களை எண்ணுகிறது. புறப்படும் மாதத்தை விட்டுவிட்டு, அடுத்துவரும் ஆறு மாதங்கள் வரை கொடுப்பனவு தொடரும். நவம்பரில் புறப்படும் உங்களுக்கு டிசெம்பர் முதல் மே வரையிலானவையே அந்த ஆறு மாதங்கள். மே 31ஆம் திகதிக்குள் வந்திறங்கினால் தடையேதும் இல்லை. அதற்கு மேலும் தங்கினால், திரும்பிவந்து அறிவிக்கும்வரை ஓ.ஏ.எஸ்., ஜி.ஐ.எஸ். ஆகிய இரண்டும் நிறுத்தப்படும்.

நிரந்தரமாகத் தங்குவதைப் பொறுத்தவரை, 18 வயதுக்குப் பின் கனடாவில் குறைந்தது 20 ஆண்டுகள் வசித்த ஒருவருக்கு ஓ.ஏ.எஸ். எந்த நாட்டிலிருந்தாலும் கிடைத்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் தேவை. 65 வயதுக்குப் பின் இங்கே வசிக்கும் ஆண்டுகளும் இந்த இருபதில் சேரும். வீடுவாசல் இங்கிருக்க, பனிக்காலத்துக்கு மட்டும் போய்வரும் பயணங்கள் வசிப்பை முறிப்பதில்லை. ஆனால் முழு ஓய்வூதியத்தின் 40இல் இத்தனை பங்கு என்று உங்களுக்கு ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட அளவு, கூடுதலாக வசிக்கும் ஆண்டுகளால் உயராது. விலைவாசிக்கேற்ற சரிப்படுத்தல் மட்டுமே நடக்கும். இந்தியாவில் ஓய்வூதியத் திட்டமொன்றில் சேர்ந்து வேலைசெய்தவர்களுக்கு 2015 முதல் நடைமுறையிலுள்ள கனடா–இந்திய சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இந்த 20 ஆண்டுகளை எட்ட உதவும். இலங்கையுடன் அத்தகைய உடன்படிக்கை இல்லாததால், அங்கே நீங்கள் உழைத்த காலம் இந்தக் கணக்கில் வராது.

பலரும் கவனிக்காமல் விடுவது ஜி.ஐ.எஸ். பற்றிய விதியை. நீங்கள் 20 ஆண்டுகள் அல்ல, 40 ஆண்டுகள் வசித்திருந்தாலும், ஆறு மாதங்களைத் தாண்டி வெளியே இருந்தால் அந்தக் கொடுப்பனவு நின்றுவிடும். பகுதி ஓய்வூதியம் மட்டுமே பெறும் உங்களைப் போன்றவர்களின் வீட்டுச் செலவைத் தாங்குவது பெரும்பாலும் ஜி.ஐ.எஸ். பணந்தான். ஊரோடு போய்விடுவதா என்று முடிவெடுக்குமுன், அந்தத் தொகையை நீக்கிவிட்டு மிஞ்சுவதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் நிலையில் பனிக்காலத்துக்குப் போய்வருவதே உகந்தது என்பது என் எண்ணம். வேலைசெய்து கட்டிய பணத்துக்கு ஈடாகக் கிடைக்கும் சி.பி.பி. ஓய்வூதியத்துக்கு இத்தகைய கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

‘நாங்கள் எப்போது திரும்பினோம் என்று யாருக்குத் தெரியப்போகிறது’ என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2018 டிசெம்பரில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின் பின், நாட்டைவிட்டு வெளியேறுவோரின் விபரங்களையும் எல்லைச் சேவை முகவரகம் திரட்டுகிறது. விமானப் பயணிகளின் விபரங்கள் 2020 முதல் சேர்கின்றன. ஓய்வூதிய நிர்வாகத்துக்கு அவற்றைக் கொடுக்கவும் சட்டம் இடமளிக்கிறது. தகுதியில்லாத மாதங்களுக்குப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

உங்கள் திட்டத்தில் உண்மையான ஆபத்து ஓய்வூதியத்தில் இல்லை, ஒன்ராறியோ மாகாணத்தின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் அட்டையில் இருக்கிறது. எந்தவொரு 12 மாத காலத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் குறைந்தது 153 நாட்கள் நீங்கள் ஒன்ராறியோவில் இருந்திருக்க வேண்டும். அதாவது 212 நாட்கள் வரையே வெளியே இருக்கலாம். நவம்பர் 5 முதல் மே இறுதி வரை ஏறத்தாழ 206 நாட்கள் கழிந்துவிடும். அதன்பின் ஓகஸ்டில் இங்கிலாந்தின் லண்டனில் ஒரு கல்யாணம் என்று பத்து நாட்கள் போய்வந்தால் வரம்பு மீறப்பட்டுவிடும். இந்தக் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிவதன்று. நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டேயிருப்பது.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலும் டிசெம்பரிலும் யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழை அடித்துப் பெய்யும். அதையொட்டி டெங்குக் காய்ச்சலும் பெருகும். ரொறன்ரோக் குளிருக்குத் தப்பிப் போய் அங்கே வெள்ளத்துக்குள்ளும் நுளம்புக்குள்ளும் அகப்படுவானேன்? நத்தார் கழிந்து புறப்பட்டுப் பொங்கலுக்கு அங்கே நின்று, சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும் திரும்பினால், மேலே சொன்ன எந்த விதியும் உங்களைத் தொடாது.

கேள்வி (மார்க்கம்): புளோரிடாவில் சிறிய கொண்டோ ஒன்று வாங்கியிருக்கிறோம். ஆண்டுதோறும் நாலரை மாதங்கள் தங்குகிறோம். ஆறு மாதத்துக்கு உட்பட்டதுதானே, அமெரிக்க வரி பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். குடிவரவு அதிகாரிகள் வழக்கமாக அனுமதிக்கும் ஆறு மாதமும் வரித் திணைக்களமான ஐ.ஆர்.எஸ். பார்க்கும் கணக்கும் ஒன்றல்ல. ஐ.ஆர்.எஸ். இவ்வாண்டு தங்கிய நாட்களை முழுமையாகவும், சென்ற ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கு முந்திய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டுகிறது. கூட்டுத்தொகை 183ஐ எட்டினால், வரி விடயத்தில் உங்களை அமெரிக்காவில் வசிப்பவராகக் கருத முடியும். ஆண்டுக்கு 120 நாட்கள் தங்குபவருக்கு 120, 40, 20 என்று 180 வருகிறது, மயிரிழையில் தப்புகிறார். நாலரை மாதத்தை 135 நாட்கள் என்று கொண்டால் உங்கள் தொகை 200ஐத் தாண்டுகிறது. நடப்பாண்டில் 183 நாட்களுக்குக் குறைவாகவே தங்கியிருப்பதால், வீடு, குடும்பம், வங்கி, சாரதி அனுமதிப்பத்திரம் முதலிய நெருங்கிய தொடர்புகள் கனடாவிலேயே உள்ளன என்று 8840 என்ற படிவத்தில் அறிவித்து விலக்குப் பெறலாம். அமெரிக்காவில் வருமானம் இல்லாதவர்கள் அதை அடுத்த ஆண்டு ஜூன் 15ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியே அனுப்ப வேண்டும். அமெரிக்க மண்ணில் ஒரு நாளின் சிறு பகுதி கழிந்தாலும் அது ஒரு நாளாகவே எண்ணப்படுவதால், கோடையில் பவலோவுக்குப் பொருள் வாங்கப் போய்வந்த நாட்களையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2025 ஏப்ரல் 11 முதல், 30 நாட்களோ அதற்கு மேலோ தங்கும் கனடியர்கள், எல்லையில் ஐ-94 எனும் வருகைப் பதிவு வழங்கப்படாதிருந்தால், இணையம் வழியாகத் தம்மைப் பதிவுசெய்ய வேண்டும்.

கேள்வி (பிரம்டன்): எனக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. சென்ற மாதம் வைத்தியர் அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். ஓஹிப் இருக்கும்போது பயணக் காப்புறுதி அவசியமா? மருந்தை எவ்வளவு கொண்டுபோகலாம்?

பதில்: அவசியம். வெளிநாட்டில் அவசரமாக வைத்தியசாலையில் சேர்ந்தால் ஓஹிப் நாளொன்றுக்கு 200 டொலர் வரையிலும், தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற உயர்நிலைக் கவனிப்புக்கு 400 டொலர் வரையிலுமே தரும். அமெரிக்க வைத்தியசாலையொன்றின் ஒருநாள் பட்டியலுக்கு முன் இது ஒரு பொருட்டே அல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மாத்திரை குறைக்கப்பட்ட செய்திதான். நோய் குணமாகிவருகிறது என்று நீங்கள் மகிழ்கிறீர்கள். காப்புறுதிக்காரரோ அதை ‘நிலைமாற்றம்’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஏற்கெனவே உள்ள நோய்கள் பயணத்துக்கு முந்திய 90 அல்லது 180 நாட்கள் மாற்றமின்றி இருந்திருக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் கேட்கின்றன. மருந்தின் அளவு கூடினாலும் குறைந்தாலும் அவை பொதுவாக மாற்றமாகவே கொள்ளப்படும். புதிய அளவு தொடங்கிய திகதியை வைத்தியரிடம் எழுத்தில் பெற்று, அத்தனை நாட்கள் கடந்தபின் புறப்படும்படி பயணத்தைத் தள்ளிவையுங்கள். அல்லது கூடுதல் கட்டணம் செலுத்தி, அந்த நோயைச் சேர்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்தைத் தேடுங்கள். கேள்விப்பத்திரத்தை மகனிடமோ மகளிடமோ ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் வைக்காதீர்கள். ஒரு விடை தவறானாலும் முழு ஒப்பந்தமும் செல்லாது என்று மறுக்க இடமுண்டு. இத்தகைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மாகாணக் காப்புறுதி நடைமுறையில் இருப்பதை நிபந்தனையாகக் கொண்டவை. எனவே 212 நாட்களைத் தாண்டி ஓஹிப்பை இழந்தவர் இதையும் சேர்த்தே இழக்கக்கூடும்.

மருந்தைப் பொறுத்தவரை, 65 வயதைக் கடந்தோருக்கான ஒன்ராறியோ மருந்துத் திட்டத்தில் வழமையாக 100 நாட்களுக்கானதைப் பெறலாம். அதைவிட நீண்ட பயணமென்றால், பயணத்தை உறுதிப்படுத்தும் சான்றைக் காட்டி இன்னொரு 100 நாட்களுக்கும் பெறலாம்.

கேள்வி (ஏஜக்ஸ்): ஐந்து மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். சூடாக்கியைக் குறைத்துவைத்தால் போதுமா?

பதில்: போதாது. வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தங்களில், குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து வெடித்தால் இழப்பீடு இல்லை என்ற விலக்கு பரவலாக உண்டு. பொறுப்பான ஒருவர் நாள்தோறும் வந்து சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் பிரதான நீர்க்குழாயை மூடி, குழாய்களிலுள்ள நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஐந்து மாதத்துக்குத் தினமும் வந்துபோக உறவினர் எவரையும் கேட்பது நியாயமன்று; நீரை மூடிவிடுங்கள். மூடிய திகதியைக் காட்டும் படமொன்றைக் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டு, வீடு ஆளில்லாமல் இருக்கப்போவதைப் புறப்படுமுன்பே காப்புறுதி முகவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.